பிசிக்கல் சயன்ஸ் கிடைத்திருக்கிறதா? பேராதனைக்குப் புறப்படுமுன் கேளுங்கள்

ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியாகிற கிழமை என் தொலைபேசி ஓயாது. நான் கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அழைக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: “ரீச்சர், எஞ்சினியரிங் கொஞ்சத்தில தவறிப்போச்சு. பிசிக்கல் சயன்ஸ்தான் விழுந்திருக்கு.” அந்தத் ‘தான்’ என்னைக் குத்தும். 2013இல் நானும் அதே ‘தான்’ போட்டுத்தான் அப்பாவிடம் சொன்னேன்.

பிறகு நான்கு வருடம் பேராதனையில் படித்தேன். இப்போது யாராவது அந்த வருடங்களைத் திருப்பித் தந்து, எஞ்சினியரிங்கும் தருகிறோம், எது வேண்டும் என்று கேட்டால், யோசிக்காமல் பேராதனை விஞ்ஞான பீடத்துக்கே போவேன். ஆனால் முதல் வருடத்தில் சில விஷயங்களை வேறு மாதிரிச் செய்வேன். தொலைபேசியில் அரைகுறையாய்ச் சொன்னவற்றை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்குக் கிடைத்திருப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் சித்தியடைந்த பிள்ளைகள் பௌதிக விஞ்ஞானத்துக்கு, அதாவது பிசிக்கல் சயன்ஸுக்கு, விண்ணப்பிக்கிறார்கள். கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி, யாழ்ப்பாணம், ருகுணு என்று பல அரச பல்கலைக்கழகங்களில் இந்தக் கற்கைநெறி உண்டு. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் போகிறது. எங்கள் கிளிநொச்சியும் அந்தப் பதினாறில் ஒன்று. அந்த ஐந்து வீதத்தில் வந்த பிள்ளை என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். கற்கைக்கட்டணம் ஒரு சதமும் இல்லாமல் மூன்றோ நான்கோ வருடம் படிக்கப் போகிறீர்கள். வீட்டில் வசதி குறைவென்றால் மகாபொல புலமைப்பரிசிலுக்கோ உதவுதொகைக்கோ விண்ணப்பிக்கலாம். படிவத்தைத் திகதி தவறாமல் நிரப்புங்கள், கிராம அலுவலரின் கடிதங்களைப் போகுமுன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

“சயன்ஸ் படிச்சா ரீச்சராத்தான் வரலாம்” என்று உறவுக்காரர் சொல்வார்கள். நான் ரீச்சராகத்தான் வந்தேன், விரும்பித்தான் வந்தேன். அதைவிட்டாலும் இந்தத் துறைக்கு இந்த நாட்டில் பெரிய பரம்பரை உண்டு. குவாண்டம் பொறிமுறையை உருவாக்கியவர்களில் ஒருவரான போல் டிராக்கின் கீழ் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த சி. ஜே. எலியேசர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். விண்வெளியிலிருந்து வருகிற அண்டக்கதிர்களை ஆராய்ந்த ஏ. டபிள்யூ. மயில்வாகனம் அதே பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர். 1942இல் கொழும்பில் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலிக் கரைக்கு இடம்பெயர்ந்ததுதான் இன்றைய பேராதனை. இரண்டு பேருடைய பெயரையும் நான் பேராதனைக்குப் போன பிறகுதான் அறிந்தேன். என் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாடத் தெரிவு

பதிவு நாளில் மூன்று பாடங்களைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். சிநேகிதி எதை எடுக்கிறாளோ அதை எடுக்காதீர்கள். பீடத்தின் கைந்நூலை முந்திய இரவே எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வாசியுங்கள். நான்காம் வருடத்தில் எந்தச் சிறப்புப் பட்டம் செய்ய ஆசை, அதற்கு மூன்றாம் வருடத்தில் எந்தப் பாடங்கள் வேண்டும், அவற்றுக்கு முதலாம் வருடத்தில் எது முன்தேவை என்று பின்னாலிருந்து கோடு கீறிக்கொண்டு வாருங்கள். என்னோடு படித்த ஒருத்தி முதலாம் வருடத்தில் இரண்டு கிரெடிட் கணிதப் பாடமொன்றைக் கஷ்டம் என்று விட்டுவிட்டாள். மூன்றாம் வருடத்தில் அவள் விரும்பிய பட்டத்தின் கதவு அந்த இரண்டு கிரெடிட்டால்தான் அடைபட்டது.

என் அபிப்பிராயம் ஒன்று: பௌதிகவியல் எடுக்கிறவர் கணிதத்தை விடக்கூடாது. குவாண்டம் பொறிமுறை முழுவதும் ஏகபரிமாண அட்சரகணிதமும் வகையீட்டுச் சமன்பாடுகளும்தான். கணிதம் இல்லாமல் அதைப் படிப்பது நீந்தத் தெரியாமல் மகாவலியில் இறங்குவது போல. மூன்றாவது பாடமாக இரசாயனவியல், புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம் எதுவானாலும் நல்லதுதான். வேலை பற்றிய பயம் கூட என்றால் கடைசி இரண்டில் ஒன்றை எடுங்கள்.

தமிழில் படித்ததை எறிந்துவிடாதீர்கள்

நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். உயர்தரம் வரை நாம் தமிழில் படித்தோம். பல்கலைக்கழகத்தில் விரிவுரை, வினாத்தாள், ஆய்வுகூட அறிக்கை எல்லாம் ஆங்கிலம். முதல் கிழமை மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்த எனக்கு, விரிவுரையாளர் ‘மொமன்ட்’ என்றாரா ‘மொமென்டம்’ என்றாரா என்று பிடிபடவில்லை. இரண்டும் ஒன்றென்று நினைத்து ஒரு முழு மணித்தியாலம் பிழையாகக் குறிப்பெடுத்தேன். அன்றிரவு விடுதியில் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு சொல்லுக்கும் நேரே தமிழ் எழுதினேன். ஒன்று திருப்பம், மற்றது உந்தம். எழுதியதும் குழப்பம் போய்விட்டது. தமிழில் அந்த இரண்டு சொல்லையும் யாரும் மாறாடவே முடியாதே!

அந்த இரவு தொடங்கியதுதான் என் இரண்டு பத்திக் கொப்பி. சிறிய சிஆர் கொப்பி, நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் காதில் விழுந்த ஆங்கிலச் சொல், வலது பக்கம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த தமிழ்ச் சொல். அக்ஸெலரேஷன் என்றால் ஆர்முடுகல். மொமன்ட் ஒஃப் இனேர்ஷியா என்றால் சடத்துவத் திருப்பம். விஸ்கோசிற்றி பிசுக்குமை, சேர்ஃபேஸ் ரென்ஷன் பரப்பிழுவிசை, பொட்டென்ஷியோமீற்றர் அழுத்தமானி, என்தல்பி வெப்பவுள்ளுறை, என்ட்ரோபி எந்திரப்பி. ஒரு மாதத்தில் முந்நூறு சொல்லுக்கு மேல் சேர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, முதலாம் வருடத்தில் பாதிப் பாடம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம்தான். பெயர் மட்டும்தான் புதிது.

சில சொற்களுக்கு மூன்றாவது பத்தியும் வேண்டும். ‘நோமல்’ என்றால் சாதாரணம் என்று எங்களுக்குத் தெரியும். பொறிமுறையில் அது செவ்வன், மேற்பரப்புக்குச் செங்குத்தானது. ‘ஃபீல்ட்’ பௌதிகவியலில் புலம், மின்புலம் காந்தப்புலம் என்கிறோமே, அது. அட்சரகணித வகுப்பில் அதே சொல், கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் கூடிய ஒரு தொடைக்குப் பெயர். ஒரே நாளில் காலை ஒன்று, மத்தியானம் மற்றது. இப்படியான சொற்களைச் சிவப்பில் எழுதுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களும் உயர்தரத்தைச் சிங்களத்தில் படித்தவர்கள். அவர்களுக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். மாத்தறையிலிருந்து வந்த ஒருத்தி என் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, தானும் ஒன்று தொடங்கினாள். அவளுடைய வலப்பக்கம் சிங்களம். இரண்டு பேரும் கன்டீனில் இருந்து ஒருவர் சொல்ல மற்றவர் சரி பார்ப்போம். என் சிங்களம் வளர்ந்ததும் அந்த மேசையில்தான்.

ஆய்வுகூடம்

பள்ளிக்கூடத்தில் செய்முறை என்றால் பலருக்கும் கரும்பலகையில் கீறிய படம்தான். பேராதனையில் கிழமைக்கு ஒரு முழுப் பின்னேரம் நீங்களே கருவியின் முன்னால் நிற்க வேண்டும். பயப்பட வேண்டாம், ஆனால் அறிவுறுத்தல் தாளை முந்திய இரவே வாசித்துவிட்டுப் போங்கள். வாசிக்காமல் போனால் மூன்று மணித்தியாலத்தில் ஒன்று வாசிப்பதிலேயே போய்விடும்.

ஒரு பரிசோதனையைக் கிட்டத்தில் காட்டுகிறேன். ஒளி விலகுகிற கோணத்தை அளக்கிற திருசியமானியால் கண்ணாடி அரியத்தின் முறிவுச்சுட்டி காண்பது. கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்கிற எண்தான் முறிவுச்சுட்டி. சோடியம் விளக்கைப் போட்டால் முதலில் இளஞ்சிவப்பாய் எரியும். உள்ளே இருக்கும் நியோன்தான் அது. சில நிமிடம் பொறுத்தால் மஞ்சள் வரும். தொலைகாட்டிக்குள் அந்த மஞ்சள் பிளவின் விம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அரிய மேசையை மெல்லத் திருப்புங்கள். விம்பம் ஒரு பக்கமாய் நகரும். திருப்பத் திருப்ப வேகம் குறையும். பிறகு நிற்கும். நீங்கள் அதே திசையிலேயே திருப்பிக்கொண்டிருப்பீர்கள், விம்பமோ வந்த வழியே திரும்பிப் போகத் தொடங்கும். அது நிற்கிற அந்த இடம்தான் இழிவு விலகல். உயர்தரத்தில் சமன்பாட்டில் மட்டும் பார்த்ததை முதல் தடவை கண்ணால் கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இனி வாசிப்பு. வட்ட அளவிடையில் அரைப் பாகைக்கு ஒரு கோடு, வேணியரில் ஒரு கலை, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்கு, வரை வாசிக்கலாம். அவசரத்தில் அந்த அரைப் பாகைக் கோட்டை விட்டுவிடுவது எல்லோருக்கும் நடக்கும். அரியக் கோணம் 60 பாகை, விலகல் 39 பாகை என்றால் முறிவுச்சுட்டி 1.521 வரும். அரைப் பாகை பிழைத்து 39 பாகை 30 கலை என்று எழுதினால் 1.526. இரண்டும் கண்ணாடிக்குப் பொருத்தமான எண்தான். விடையைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. கருவியில் எதிரெதிரே இருக்கிற இரண்டு வேணியரும் இங்கேதான் உதவும். இரண்டிலும் வாசித்து, இரண்டு விலகலையும் ஒப்பிடுங்கள். முப்பது கலை வித்தியாசம் வந்தால் எங்கேயோ கோடு தவறியிருக்கிறது. தொலைகாட்டி சுழலும்போது வேணியர் 360 பாகையைக் கடந்து போயிருந்தால் 360ஐக் கூட்ட மறக்காதீர்கள். ஒரே வேணியரை வாசித்து மற்றதற்கு 180ஐக் கூட்டி எழுதுகிற பழக்கம் சில கூட்டங்களில் உண்டு. உங்களைக் காப்பாற்ற இருக்கிற ஒரே ஆளை நீங்களே அனுப்பிவிடுகிறீர்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

அடுத்தது ஊசல். புவியீர்ப்பு ஆர்முடுகல் எவ்வளவு என்றால் எல்லோரும் 9.81 என்போம். கணக்குக்கு 10 போட்டே பழகியவர்கள் நாம். ஆனால் பேராதனை மத்திய கோட்டிலிருந்து ஏழு பாகை சொச்சம்தான் வடக்கே இருக்கிறது. பூமி சுழல்வதாலும் மத்திய கோட்டுப் பக்கம் புடைத்திருப்பதாலும் அங்கே உண்மைப் பெறுமானம் 9.78. அப்படியானால் உங்கள் ஊசலுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? ஒரு மீற்றர் நீள ஊசல் 50 அலைவு ஆட 9.78க்கு 100.46 செக்கன், 9.81க்கு 100.30 செக்கன். வித்தியாசம் 0.15 செக்கன் அளவுதான். நிறுத்தற்கடிகாரத்தை அழுத்துகிற விரலே அவ்வளவு பிந்தும். ஆகவே ஒரு தடவை 50 அலைவு எடுத்துவிட்டு எந்த எண்ணையும் அடித்துச் சொல்ல முடியாது. அலைவுகளைக் கூட்ட வேண்டும், திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும், பல நீளங்களுக்கு எடுத்து வரைபில் குறித்துப் படித்திறன் காண வேண்டும். எவ்வளவு வழு, அதாவது விடை எவ்வளவு பிசகியிருக்கலாம், என்பதையும் விடையோடு சேர்த்து எழுத வேண்டும்.

என் குழுவுக்கு 9.76 வந்தது. வழு 0.05. பக்கத்து மேசையில் சரியாக 9.81 வந்திருந்ததைப் பார்த்ததும், நாங்களும் ஒரு வாசிப்பைக் கொஞ்சம் திருத்துவோமா என்று கூட இருந்தவன் கேட்டான். எனக்கும் ஆசை வந்தது. திருத்தவில்லை. செய்முறை காட்டுகிற அண்ணா எங்கள் தாளைப் பார்த்துவிட்டு, “இங்கே 9.78, உங்கட வழுவுக்குள்ளதானே இருக்கு” என்று கையொப்பம் வைத்தார். அந்தப் பின்னேரம்தான் நான் பௌதிகவியல் மாணவி ஆனேன் என்று நினைக்கிறேன். வாசிப்பைப் பேனையால் எழுதுங்கள், பிழைத்தால் ஒற்றைக் கோட்டால் வெட்டுங்கள். ஒருபோதும் அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள்.

கணிதம் கொடுக்கிற அதிர்ச்சி

இணைந்த கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளைகளும் முதலாம் வருடக் கணிதத்தில் விழுவார்கள். எனக்கு முதல் இடைப்பரீட்சையில் நூற்றுக்கு 28. கணக்குப் போடத் தெரிந்தால் போதும் என்ற நினைப்பில் இருந்தேன். அங்கே கேட்பது நிறுவல்.

தொடர்ச்சியான சார்பு எது என்று சொல்கிற, எப்சிலன், டெல்டா வருகிற அந்த வரைவிலக்கணத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். தமிழில் ஒரு பேரமாகச் சொல்லிப் பாருங்கள். வாங்குகிறவர் கேட்கிறார்: விடை இவ்வளவு நெருக்கத்தில் நிற்க வேண்டும். விற்கிறவர் சொல்கிறார்: அப்படியென்றால் நீ இந்த எல்லைக்குள் நின்றுகொள், நான் பொறுப்பு. வாங்குகிறவர் எவ்வளவு சின்னதாய்க் கேட்டாலும் விற்கிறவரால் ஒரு எல்லை தர முடிந்தால் அந்தச் சார்பு அந்த இடத்தில் தொடர்ச்சியானது. யார் முதலில் பேசுகிறார் என்பதுதான் எல்லாம். விற்கிறவர் முதலில் ஒரே ஒரு எல்லையைச் சொல்லி, அது எல்லாக் கேள்விக்கும் போதும் என்றால், அந்தச் சார்பு அங்கே மாறாமல் படுத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். நான் இதை விடுதி மொட்டை மாடியில் என் அறைத்தோழிக்குச் சொல்லிச் சொல்லித்தான் விளங்கிக்கொண்டேன். அவள் விலங்கியல் படித்தவள், பொறுமையாகக் கேட்டாள்.

ஒவ்வொரு வரைவிலக்கணத்தையும் மனப்பாடம் செய்யுங்கள். ஆம், மனப்பாடம்தான், ஒரு சொல் பிசகாமல். பிறகு அதற்குப் பொருந்துகிற ஓர் உதாரணமும் பொருந்தாத ஓர் உதாரணமும் நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள். இரண்டாம் அரையாண்டில் எனக்கு 71 வந்தது இதனால்தான்.

குப்பி

பல்கலைக்கழகத்துக்குப் போனதும் ‘குப்பி’ என்ற சொல்லைக் கேட்பீர்கள். பரீட்சைக்கு முன் சீனியர்களோ, உங்கள் பட்சிலேயே விளங்கின ஒருவரோ எல்லோரையும் கூட்டி வைத்துப் படிப்பிப்பது. குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் நடக்கும். கூச்சப்படாமல் போங்கள், போகுமுன் கடந்தகால வினாத்தாளில் ஐந்து கேள்வியாவது செய்துவிட்டுப் போங்கள். வெறும் கையோடு போனால் வெறும் கையோடுதான் வருவீர்கள்.

ஒரு பாடத்திலாவது நீங்களே குப்பி எடுங்கள். வெப்பவியக்கவியலை நான் விளங்கிக்கொண்டது பன்னிரண்டு பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்த இரவில்தான். குறுக்கே ஒரு தம்பி, “எந்திரப்பி கூடுது எண்டால் ஐஸ் எப்பிடி உறையுது?” என்று கேட்டான். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். விடிய விடிய வாசித்து, உறைகிற நீர் வெளியே விடுகிற வெப்பம் சுற்றாடலின் எந்திரப்பியைக் கூட்டுகிறது, இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்று மறுநாள் போய்ச் சொன்னேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். உதவி செய்கிற சீனியர் வேறு, பகிடிவதை செய்கிறவர் வேறு. குப்பிக்கு வரவேண்டுமென்றால் சொன்னபடி நட என்று யாராவது சொன்னால் அந்தக் குப்பி வேண்டாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். மாணவ ஆலோசகரிடமோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமோ முறையிடுங்கள். வீட்டுக்கும் சொல்லுங்கள்.

மிச்சம் சில விஷயங்கள்

80 வீத வரவு வேண்டும். காய்ச்சலென்றால் மருத்துவச் சான்றிதழை உடனே கொடுத்துவிடுங்கள். ஜிபிஏ என்கிற சராசரித் தரப்புள்ளி முதல் அரையாண்டிலிருந்தே எண்ணப்படுகிறது. பழகிக்கொண்டு பிறகு படிப்போம் என்று இருந்தவர்கள் மூன்றாம் வருடத்தில் எவ்வளவு ஏ எடுத்தும் முதல் வகுப்புக்கு வேண்டிய 3.70ஐ எட்ட முடியாமல் கஷ்டப்பட்டதைக் கண்டிருக்கிறேன். கணினியில் பைதன் என்ற நிரல் மொழியைப் படியுங்கள். முதல் வருட விடுமுறையே போதும், ஊசல் வாசிப்புகளை அதில் போட்டு வரைபு கீறிப் பழகுங்கள். மேலே படிக்க ஆசை இருந்தால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பௌதிகவியல், இரசாயனவியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்கிறவருக்குக் கற்பித்தல் உதவியாளர் வேலையும் கட்டண விலக்கும் சேர்ந்தே கிடைக்கும். காசில்லை என்று அந்த நினைப்பை விடாதீர்கள். மூன்றாம் வருடத்திலேயே ஒரு விரிவுரையாளரிடம் போய், உங்கள் ஆய்வில் ஏதாவது சின்ன வேலை தாருங்கள் என்று கேளுங்கள். மறுத்தால் அடுத்த அறைக் கதவைத் தட்டுங்கள்.

மனம் பாரமாகிற நாட்களும் வரும். நான் அப்போதெல்லாம் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு மேட்டில் ஏறிப் போவேன். இறங்கி வரும்போது அந்தான மலையில் முகில் படிந்திருக்கும், கால் வலியோடு பசியும் வந்துவிடும்.

பெட்டி கட்டும்போது ஒரு நல்ல குடை, ஒரு ஸ்வெட்டர், புரோகிராம் செய்ய முடியாத கணிப்பான், ஒரு சிஆர் கொப்பி. உயர்தரப் பௌதிகவியல், இரசாயனவியல் தமிழ்ப் புத்தகங்களைத் தம்பிமாருக்குக் கொடுத்துவிடாமல் கட்டாயம் கொண்டு போங்கள். எங்கள் வாசலால் போகிற ஏ-9 வீதியின் மற்ற முனை கண்டிதான். கண்டியில் இறங்கி பேராதனைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, கலஹா சந்தியில் இறக்கிவிடச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.